கப்பல் இல்லாத வீடு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இங்கிலாந்தில் விட்பி என்ற கடலோர ஊருக்குப் போயிருந்தோம். அங்கே கிரேப் லேன் தெருவில், பதினெட்டாம் நூற்றாண்டில் பசிபிக் பயணங்கள் போன கேப்டன் குக்கின் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு பழைய வீடு. நாற்காலி, மேசை, வரைபடம், கடிதம், சில மாதிரிக் கப்பல்கள், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். போதாததற்கு இந்தக் குக் காலனியத்துக்கு வழி போட்டுக் கொடுத்த ஆள். அடுத்த மாதம் நண்பர் குடும்பத்தோடு போகிறார். அங்கே போகச் சொல்லலாமா, இல்லை லண்டன் கிரீன்விச்சில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகமே போதுமா?

ச.

அன்புள்ள ச.,

அரை மணி நேரமா? மாடிப்படி ஏறி இறங்கவே அதில் பாதி போயிருக்குமே!

காலனியக் கோபம் நியாயமானதுதான். 1769 அக்டோபரில் குக்கின் ஆட்கள் நியூசிலாந்தில், இன்றைய கிஸ்போர்ன் பக்கம், கரையிறங்கிய கையோடு அங்கிருந்த பூர்வகுடிகளான மாவோரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அந்தக் கோபத்தோடு உள்ளே போகவில்லை, சலிப்போடு வெளியே வந்த பிறகு அதைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. சரி, விடுங்கள்.

என் வருத்தம் வேறு. அது யார் வீடு என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஜான் வாக்கர் என்ற கப்பல் முதலாளியின் வீடு அது. அவர் குவேக்கர், ஆடம்பரத்தைப் பாவமாக நினைத்த கிறிஸ்தவக் கூட்டம். அதனால்தான் நாற்காலி வெறும் நாற்காலியாக இருக்கிறது. அவருடைய கப்பல்கள் நியூகாசில் பக்கத்திலிருந்து லண்டனுக்கு நிலக்கரி ஏற்றிச் சென்றவை. 1746இல், பதினெட்டு வயதுகூட நிரம்பாத குக் அவரிடம் பயிற்சிப் பையனாகச் சேர்ந்தார். குளிர்காலத்தில் கப்பல்கள் ஓடாது, பையன்கள் முதலாளி வீட்டு மேல்மாடியில் தங்கிக் கணக்கும் கடல்வழியும் படிப்பார்கள். அந்த மாடி இன்னும் இருக்கிறது, உத்தரங்கள் தெரிய, கவிழ்த்துப் போட்ட கப்பல் வயிறு போல. குக் படிப்பதற்கு அந்த வீட்டுப் பணிப்பெண் ஒரு மேசையும் மெழுகுவத்தியும் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, யாராவது கொடுத்திருக்கத்தான் வேண்டும்.

கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில் உங்கள் கடிதம் வந்து கைவைத்துவிட்டது, அதனால் சொல்லியே தீருகிறேன். பசிபிக் பயணங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வானியல், அரசு, வீரம் என்று ஆரம்பிப்பார்கள். நான் நிலக்கரியில் ஆரம்பிப்பேன். குக் முதல் பயணம் போன எண்டெவர், 1764இல் விட்பியில் கட்டப்பட்ட கரிக்கப்பல், அப்போது அதன் பெயர் எர்ல் ஆஃப் பெம்ப்ரோக். 1768இல் கடற்படை அதை வாங்கியது. அழகே இல்லாத கப்பல், மழுங்கிய மூக்கு, தட்டையான அடி, வேகமும் கிடையாது. ஆனால் கரி வியாபாரத்துக்கு அந்தத் தட்டை அடிதான் உயிர். ஓதம் வற்றும்போது மணலில் அப்படியே உட்காரும், சரக்கை இறக்கிவிட்டு அடுத்த ஓதத்தில் மிதந்துவிடும். வயிறு பெரிது என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம்.

1770 ஜூன் 11 இரவு ஆஸ்திரேலியக் கரையோரம் கிரேட் பேரியர் பவளத்திட்டில் அது மோதியது. பீரங்கிகளைக்கூடக் கடலில் தள்ளி எடையைக் குறைத்து, மறுநாள் இரவு ஓதத்தில்தான் விடுவிக்க முடிந்தது. ஓட்டை வழியே தண்ணீர் கொட்டுகிறது. அப்போது மாங்க்ஹவுஸ் என்ற இளைஞர் ஒரு வழி சொன்னார்: பழைய கப்பல் பாய் ஒன்றில் கயிற்றுப் பஞ்சையும் கம்பளியையும் அப்பி, அதைக் கப்பலுக்கு அடியில் இழுத்துக் கட்ட வேண்டும், தண்ணீர் உறிஞ்சும் வேகத்திலேயே அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். இதை அவர் பார்த்தது ஒரு சரக்குக் கப்பலில்! அப்புறம் ஓர் ஆற்று முகத்தில் கப்பலைக் கரையேற்றினார்கள். ஓதம் வற்றியதும் தச்சர்கள் அடிப்பகுதியைப் பார்க்கிறார்கள், ஓட்டைக்குள் பெரிய பவளத் துண்டு ஒன்று உடைந்து அப்படியே சிக்கியிருக்கிறது. அது மட்டும் கழன்றிருந்தால் எல்லாரும் மூழ்கியிருப்பார்கள். சரி, கூரிய அடி கொண்ட போர்க்கப்பலை அந்தச் சேற்றில் எப்படி உட்காரவைத்திருப்பார்கள்? சாய்ந்து விழுந்திருக்கும். இரண்டாம் பயணத்துக்குப் போன ரெசொல்யூஷன், அட்வெஞ்சர் இரண்டும் விட்பியில் கட்டியவை. மூன்றாம் பயணத்தின் டிஸ்கவரியும் அப்படித்தான். ருசி கண்டுவிட்டார்கள்.

கரிக்காரர்கள் கூலிக்காகவும் லாபத்துக்காகவும் கண்டுபிடித்த வடிவம் இது. புகழ் மட்டும் கடற்படைக்குப் போய்விட்டது. கிரீன்விச்சில் அந்தப் புகழ் தரை முதல் கூரை வரை இருக்கிறது. கிரேப் லேனில் கரிக்காரர் உட்கார்ந்து கணக்குப் பார்த்த அறை இருக்கிறது, பின்முற்றத்துக்குப் போனால் துறைமுகமே கண்முன் இருக்கிறது. முற்றத்துக்காவது போனீர்களா?

நீங்கள் "கடிதம்" என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1755இல் வாக்கர் குக்குக்கு ஒரு கரிக்கப்பலின் தலைமையே தர முன்வந்தார். அதை விட்டுவிட்டுச் சாதாரண மாலுமியாகக் கடற்படையில் சேர்ந்தவர் குக். அப்படிப் போனவர், 1771இல் உலகைச் சுற்றித் திரும்பியதும், பழைய முதலாளிக்கு உட்கார்ந்து பயண விவரங்களை எழுதுகிறார். நமக்குப் பழைய முதலாளியின் நம்பர் ஞாபகமிருந்தாலே அதிகம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டில் ஒரே நாளில் ஐந்து இடம் என்று ஓடுகிறவர்களின் கால்வலி எனக்கும் தெரியும். அந்தக் களைப்பில் எந்த நாற்காலியைக் கண்டாலும் உட்காரத்தான் தோன்றும், பார்க்கத் தோன்றாது. அதற்குப் பட்டியலில் மூன்று இடங்களை வெட்ட வேண்டும், வீட்டைக் குறை சொல்லக்கூடாது.

நண்பர் போகட்டும். பிள்ளைகளை முதலில் மாடிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். கிரீன்விச் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா, அங்கேயும் போகலாம்.