மெட்ராஸ் டெரஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னை ஓ.எம்.ஆரில் ஒன்பதாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். ஆத்தங்குடிக் கல் பதித்து, ஹாலில் காரைக்குடித் தூண் இரண்டு நிறுத்த எனக்கு ஆசை. “நாம பெரம்பூர்க்காரங்க, நமக்கெதுக்கு செட்டிநாட்டுத் தூணு?” என்று கணவர் கேலி செய்கிறார். செட்டிநாட்டுக்கு ஒரு வீடு உண்டு, கேரளத்துக்கு நாலுகெட்டு உண்டு. சென்னைக்கென்று ஒரு வீடு இருந்ததா?

ம.

அன்புள்ள ம.,

நான் உங்கள் கணவர் கட்சி. ஆத்தங்குடிக் கல்லைத் தாராளமாகப் பதியுங்கள், வெறுங்காலுக்கு அது எந்த ஊரிலும் சுகம்தான். ஆனால் எதையும் தாங்காமல் ஹாலில் நிற்கும் தூணைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

சென்னைக்கென்று ஒரு வீடு இருந்தது. அதன் அடையாளம் தெருவிலிருந்து தெரியாது, தலைக்கு மேல் இருந்தது. திருவல்லிக்கேணியில் நான் வளர்ந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் மல்லாந்து படுத்தால் வரிசையாகத் தேக்குக் கட்டைகள் தெரியும், அவற்றின் மேல் கோணலாக ஓடும் சின்னச் செங்கற்கள். கொத்தனார்கள் அதற்குச் சொல்லும் பெயரே மெட்ராஸ் டெரஸ். ஓர் அங்குலக் கனமுள்ள செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்கே சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியாக மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது, சுண்ணாம்பு பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது.

ஏன் தட்டைக் கூரை? கேரளத்தில் வருஷத்துக்குச் சுமார் 3000 மி.மீ. மழை, ஓடு சரிந்தே ஆகவேண்டும். நமக்குச் சுமார் 1400 தான். அதிலும் பெரும்பகுதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் மொட்டை மாடி வீட்டின் இன்னோர் அறை: வடாம் காய, பட்டம் விட, மே மாத ராத்திரியில் பாய் விரிக்க. கனத்த தளம் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கீழே இறக்கும். கூடத்தில் புழுக்கம் கூடும் நேரத்தில் நாங்கள் நாலு வாளித் தண்ணீரை மாடியில் ஊற்றிவிட்டு மேலே படுத்திருப்போம்.

வாசலில் நின்றால் ரேழி என்னும் நடை, கூடம், முற்றம் எல்லாம் தாண்டிக் கொல்லைக் கிணறு தெரியும். மத்தியானக் கடற்காற்றுக்கும் அதுதான் வழி. காற்று வரத் தாமதமானால் இந்த ஊர் 40 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியாததா?

ரொம்பவும் உருக வேண்டாம். ஒன்பது குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். சமையலறையில் அம்மாவுக்குப் பகலிலும் விளக்கு வேண்டும். இந்த ஊர்த் திண்ணைகளில் யார் உட்காரலாம் என்பதைப் பல தெருக்களில் சாதிதான் முடிவு செய்தது.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுக, வீட்டுக்காரர் மேலே சிமெண்ட் பூசினார். சுண்ணாம்பு உள்ளே போன ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் சுவருக்குள் செருகிய கட்டை நுனிகளில் தங்கி, சில வருஷத்தில் இரண்டு உளுத்துப்போயின. பிறகு வீட்டையே இடித்தார்கள். மீதித் தேக்கை லாரியில் ஏற்றியதை நான் பார்த்தேன். இன்று எங்கோ சாப்பாட்டு மேஜையாக இருக்கும்.

உங்கள் ஃபிளாட்டில் கிழக்கு ஜன்னலுக்கு நேரே எதிர்ச் சுவரில் இருக்கும் ஜன்னலை அலமாரியால் அடைத்துவிடாதீர்கள். மொட்டை மாடிச் சாவி அநேகமாக அசோசியேஷன் செயலாளரிடம் இருக்கும். தூணுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.