வாசகர் கேள்வி: ஆயுர்வேதத்துக்கு எதுக்கு ஆராய்ச்சி?

கேள்வி: ஆயிரக்கணக்கான வருஷமா நம்ம ஆளுங்க சாப்பிட்டு வந்த மருந்து, அதுக்கு இப்ப லேப் டெஸ்ட் எதுக்கு சார்?

பதில்: சர்ப்பகந்தா வேரையே எடுத்துக்கோங்க. வைத்தியருங்க தூக்கம் வராததுக்கும் மனநோய்க்கும் காலங்காலமா குடுத்துட்டு வந்ததுதான், ஆனா மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை பிரஷர் பேஷண்டுகளுக்கு குடுத்து அளந்து பாத்து 1949ல பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்ல எழுதின பிறகுதான் உலகமே திரும்பிப் பாத்துச்சு. 1952ல சுவிஸ் கம்பெனி சிபாவுல அதுலேர்ந்து ரிசர்பைன்ங்கிற பிரஷர் குறைக்கிற மருந்துப்பொருளை பிரிச்செடுத்தாங்க. மனச்சோர்வு (டிப்ரெஷன்) வரலாம்னு அதோட சைடு எஃபெக்ட்டும் நோயாளிங்கள கவனிச்சுப் பாத்துதான் தெரிஞ்சுது, அதை ஏனோ யாரும் பெருமையா ஃபார்வர்டு பண்றதில்ல!

இன்னொண்ணு, 2008ல ஜாமாங்கிற அமெரிக்க மருத்துவ ஜர்னல்ல வந்த ஆய்வு. இன்டர்நெட்ல வித்த 193 ஆயுர்வேத மருந்துகளை டெஸ்ட் பண்ணதுல சுமார் அஞ்சுல ஒண்ணுல ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒண்ணு இருந்துச்சு. அமெரிக்காவுல தயாரிச்சதும் இதுல உண்டு, நம்ம ஊரு சரக்கு மட்டும் இல்ல. உலோகத்தை முறையா சுத்திகரிச்சு செஞ்சா பஸ்பம் விஷமில்லன்னு சொல்றாங்க, சரி, அப்ப அதை பேட்ச் பேட்ச்சா டெஸ்ட் பண்ணி காட்டிடலாமே? நம்ம நாட்டு சட்டப்படி பழைய நூல்ல இருக்கிற ஃபார்முலாவை அதே நோய்க்கு அப்படியே செஞ்சா லைசென்ஸுக்கு புதுசா ட்ரையல் கேக்க மாட்டாங்க, எனக்கு இடிக்கிறது அங்கதான்.