பைரீன் விகிதம் மாறாததற்குக் காரணம் அறையின் சூடாக இருக்கலாம்

சுற்றிலும் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைத் தன் ஒளிர்வால் காட்டும் மூலக்கூறான பைரீன், உங்கள் பாலிமர் துகளுக்குள் போகவில்லை என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். மே மாத வேலூரில் 'அறை வெப்பநிலை'யிலும் 40 டிகிரியிலும் பைரீனின் முதல், மூன்றாம் ஒளிர்வு முகடுகளின் விகிதம் மாறாமல் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் துகள்களின் பாலிமரான பாலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு, சூடேறும்போது 32 டிகிரியை ஒட்டியே சுருங்கிவிடும். குளிர்சாதனம் இல்லாத அறை என்றால், முதல் அளவீட்டின்போதே உங்கள் துகள்கள் சுருங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

குவெட் (கரைசலை ஊற்றி அளக்கும் ஒளிபுகும் சிறு கலம்) பிடிப்பானில் குளிர்நீரை ஓடவிட்டு, 20 டிகிரியில் நன்றாக நிலைப்பட்டபின் அளந்து பாருங்கள். வெப்பமானியைக் குவெட்டுக்குள்ளேயே வையுங்கள், குளிர்நீர்த் தொட்டி காட்டும் வெப்பநிலையை நம்ப வேண்டாம். வீங்கிய துகளில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆகவே 373, 384 நானோமீட்டர் முகடுகளின் விகிதம், நீரில் கிடைக்கும் சுமார் 1.8-ஐ ஒட்டி நிற்கும். பிறகு இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றுங்கள். துகள் சுருங்கி நீரை வெளியேற்றும்போது கரைசல் பால்போல் வெளுக்கும், பைரீனைச் சுற்றி நீர் குறைவதால் விகிதமும் குறையும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்ந்த குவெட்டின் வெளிச்சுவர் வியர்க்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள், அந்த ஈரமே ஒளியைச் சிதறடிக்கும்.

ஆனால் 1.8 என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவியில் ஒளி கடந்துபோகும் பிளவான ஸ்லிட்டின் அகலத்தை மாற்றினாலே விகிதம் மாறும். உங்கள் கருவியில், அதே அமைப்பில், வெறும் நீரில் கரைத்த பைரீனை அளந்து அதனுடன் ஒப்பிடுங்கள். 335 நானோமீட்டரில் தூண்டினால் நீரின் ராமன் சிதறல் (நீர் அலைநீளத்தை மாற்றிச் சிதறடிக்கும் ஒளி) 378 அருகே, இரு முகடுகளுக்கும் நடுவில் வந்து விழும். பைரீன் சேர்க்காத துகள் கரைசலையும் அளந்து கழித்துவிடுங்கள்.