தட்டான் வயிற்றில் சிவப்பு முத்து: குட்டையில் மருந்து ஊற்றலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். தோட்டத்துக் குட்டையோரம் உட்காரும் தட்டான்களின் மார்புக்கும் வயிற்றுக்கும் அடியில் சிவப்பு முத்துகள் கொத்தாக ஒட்டியிருக்கின்றன. தேயிலையில் வரும் செஞ்சிலந்திதான் இது, தட்டான்தான் செடிக்குச் செடி பரப்புகிறது என்கிறார் மருந்துக் கடைக்காரர். குட்டையில் ஊற்ற ஒரு பாட்டிலும் கொடுத்திருக்கிறார். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். மூடியைத் திறக்கவில்லை என்றால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிடுங்கள்.

நீங்கள் பார்த்தது நீருண்ணி என்ற, தண்ணீரில் வாழும் சிறு உண்ணியின் குஞ்சு. நிறம் சிவப்பு என்பதைத் தவிர, உங்கள் இலையைக் கெடுக்கும் செஞ்சிலந்திக்கும் இதற்கும் நடைமுறையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செஞ்சிலந்தி முற்றிய தேயிலையின் மேல்பக்கத்தில் சாறு உறிஞ்சிப் பிழைப்பது; தண்ணீரில் வாழாது. நீருண்ணி தண்ணீரில் பிறப்பது, இலையைத் தொடாது. செஞ்சிலந்தி பரவுவது காற்றில், கொழுந்து பறிப்பவர்களின் துணியில், கூடையில். தட்டான் மேல் பழி போடுவது கடைக்காரருக்கு வசதி, அவ்வளவுதான்.

அப்படியானால் தட்டானுக்கு என்ன ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். அது சும்மா இருந்து சாகிற பூச்சி அல்ல.

தட்டானின் இளம்பருவம் முழுவதும் தண்ணீருக்குள்தான் கழிகிறது. அது கடைசித் தோலை உரிக்கும் காலம் நெருங்கும்போது உண்ணிக் குஞ்சுகள் தேடி வந்து மேலே ஏறிக்கொள்கின்றன. அப்போது உறிஞ்சுவதில்லை, வெறும் சவாரிதான். தட்டான் குஞ்சு புல்தண்டில் ஏறி, முதுகு பிளந்து, புது உடலோடு வெளியே வரும் நேரத்துக்குத்தான் காத்திருக்கின்றன. பழைய தோலிலிருந்து புது உடலுக்குத் தாவி, அது கெட்டியாவதற்குள் குத்திவிடுகின்றன. குத்திய இடத்தில் உடலுக்குள் நீளும் ஒரு குழல் உருவாகிறது. அதன் வழியாகத் தட்டானின் ரத்தத்தை (நிறமற்ற உடல் நீர்தான் அதற்கு ரத்தம்) நாள்கணக்கில் உறிஞ்சி, உண்ணி உருண்டு திரள்கிறது. தட்டான் முட்டையிடத் தண்ணீருக்குத் திரும்பும்போது கழன்று விழுந்து, அதன் பிறகு தண்ணீரில் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்று வாழ்கிறது.

தட்டானின் முதல் தடுப்பு தண்ணீருக்குள்ளேயே நடக்கிறது. உண்ணி நெருங்கினால் உதறும், காலால் வழித்துத் தள்ளும், நீந்தி விலகும். ஆனால் ஆடினால் மீன் கண்ணில் படும். குட்டையில் மீன் இருந்தால் அசையாமல் கிடப்பதுதான் அதற்கு உயிர் காப்பு. உண்ணிக்கும் அதுதான் தோது.

இரண்டாவது தடுப்பு உடலுக்குள். குழல் நுழைந்த இடத்தை ரத்த அணுக்கள் சூழ்ந்துகொள்கின்றன. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் வகைக் கருப்புப் பொருள் குழலைச் சுற்றிப் படிந்து கெட்டியாகிறது. குழல் அடைபட்டால் உண்ணிக்குச் சாப்பாடு இல்லை. ஒட்டிய இடத்திலேயே வற்றிச் சாகிறது. ஆனால் உடனே உதிர்ந்துவிடாது. அதனால்தான் ஒட்டியிருப்பதை எல்லாம் உயிரோடு இருப்பதாக எண்ணிப் பயப்படுகிறோம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வாங்கிப் பாருங்கள். பளபளவென்று உருண்டிருந்தால் உறிஞ்சுகிறது. தட்டையாகச் சுருங்கித் தோல் மட்டும் நின்றால், தட்டான் ஜெயித்துவிட்டது. ஒரே தட்டான் ஓர் இன உண்ணியை இப்படி அடைத்துக் கொல்லும். இன்னோர் இனத்தை விட்டுவிடும். அந்த விவரம் உங்களுக்கு வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது வேறொன்று: குளிர். கனடாவின் ஒன்டாரியோவில் உயிரியலாளர் மார்க் ஃபோர்ப்ஸும் அவருடைய சகாக்களும் ஊசித்தட்டான்களை (ஊசிபோல் மெலிந்த தட்டான் வகை) வைத்து இதை ஆராய்ந்தார்கள். பருவத்தின் தொடக்கத்தில், குளிராக இருக்கும்போது வெளிவந்தவற்றில் இந்தத் தடுப்பு பலவீனமாக இருந்தது. வெயில் ஏறிய பிறகு வந்தவை நன்றாகவே எதிர்த்தன. காரணம் சிக்கலானது அல்ல. பூச்சி தன் உடல் சூட்டைத் தானே பராமரிக்காது. மெலனினை உண்டாக்குவது ஒரு நொதியின் வேலை. உடல் குளிர்ந்தால் அந்த வேலை மந்தமாகிறது. நீங்கள் இருப்பது சமவெளி அல்ல, நீலகிரி. டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி விழும் பள்ளத்தில் குட்டை இருந்தால், அந்த மாதங்களில் வெளிவரும் சொற்பத் தட்டான்களில் உருண்ட முத்து அதிகம் தெரியலாம். அதைப் பார்த்துவிட்டு ‘நோய் முற்றிவிட்டது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயில் வந்த பிறகு அதே குட்டையில் மறுபடி பாருங்கள். ஜனவரிக் கணக்கை ஜனவரியோடும், ஏப்ரல் கணக்கை ஏப்ரலோடும் ஒப்பிட்டுத்தான் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும்.

மிக அதிகமாக ஒட்டினால் பறப்பது தளரும், முட்டை குறையும், ஆயுளும் குறையலாம். அது உண்மைதான். அதற்காகப் பிடித்துப் பிடுங்காதீர்கள். குழல் உள்ளே இருக்கும்போது இழுத்தால் உடல் நீர் கசியும். உண்ணி செய்ததைவிட உங்கள் விரல் அதிகம் கெடுத்துவிடும்.

இப்போது அந்தப் பாட்டில். பெயர் எழுதவில்லை நீங்கள். செஞ்சிலந்திக்கு விற்கும் புரோபர்கைட், ஃபென்பைராக்ஸிமேட் போன்றவை மீனுக்குக் கடும் நஞ்சு. தெளிக்கும் மருந்தைத் தண்ணீரில் ஊற்றச் சொல்கிறவருக்கு, லேபிளில் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கம் இல்லை, அல்லது படித்துவிட்டே சொல்கிறார். குட்டையில் கொசுப்புழு தின்னும் தட்டான் குஞ்சும் சேர்ந்து போகும். அப்புறம் கொசு பெருகும். அதற்கும் அதே கடையில் ஒரு பாட்டில் இருக்கும்.

இதை யாரிடம் கேட்பது என்று அலைந்திருப்பீர்கள். பயிர் பார்க்கிறவர் ‘இது தண்ணீர் விஷயம்’ என்பார், மீன் பார்க்கிறவர் ‘இது பூச்சி விஷயம்’ என்பார். சிறு விவசாயிக்குக் கடைசியில் வாய் திறந்து பதில் சொல்வது பில் போடாத கடைக்காரர் ஒருவர்தான். அவரை மட்டும் திட்டி என்ன பயன்? அந்த இடத்தைக் காலியாக விட்டவர்களையும் திட்ட வேண்டும்.

தேயிலை விஷயத்துக்கு வாருங்கள். இலை செம்பு நிறமாக மாறியிருக்கிறதா, முற்றிய இலையின் மேல்பக்கத்தில் நடுநரம்பையொட்டி லென்ஸில் செந்நிறப் புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். ரோட்டோரத் தூசி படியும் செடிகளிலும் நிழல் இல்லாத இடத்திலும் முதலில் தேடுங்கள். இருந்தால் மட்டும் மருந்து. அதுவும் தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது, பில்லோடு. பட்டியலில் இல்லாததை அடித்துவிட்டு இலையில் மருந்தின் எச்சம் தெரிந்தால் ஃபேக்டரி இலையைத் திருப்பும். அப்போது இலை ஏஜென்ட்டும் கடைக்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள், நஷ்டம் உங்களுக்கு.

தெளித்து முடித்ததும் டேங்கைக் குட்டையில் கழுவ வேண்டாம். கழுவிய தண்ணீர் குட்டைக்குச் சரியாத பக்கம், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, மண்ணில் ஊற்றுங்கள்.