வாக்கிங்கை விட்டுவிட்டு தாய்ச்சிக்கு மாறலாமா?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. சில வருடங்களாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார், மூட்டு வலியும் உண்டு. வாக்கிங்கைவிட தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சிதான் பிபியைக் குறைக்கும் என்று சீனாவில் நிரூபித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, மொட்டை மாடியில் யூடியூப் பார்த்துச் செய்துகொண்டிருக்கிறார். வாக்கிங் நின்றுபோனது. இனி மாத்திரையும் வேண்டாம் என்கிறார். சரிதானா? - ஒரு வாசகி

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள், சகோதரி. சில பிபி மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும்.

ஆனால் அவர் படித்தது புரளி இல்லை. பெய்ஜிங்கில் நடந்த அந்த ஆய்வு 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஒன்றில் வெளியானது. 342 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குத் தாய்ச்சியும், மறு பாதிக்கு வேக நடை, மெல்லோட்டம், சைக்கிள், மாடிப்படி ஏறுவது போன்றவையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பிபியின் மேல் அளவு தாய்ச்சிக்காரர்களுக்கு சராசரியாக 7 புள்ளி இறங்கியிருந்தது, மற்றவர்களுக்கு 4.6. உடம்பிலேயே கருவியை மாட்டி 24 மணி நேரமும் அளந்ததில், ராத்திரி அழுத்தம் தாய்ச்சிக் குழுவுக்கு இன்னும் நன்றாகவே இறங்கியிருந்தது. எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது அதுதான், வாட்ஸ்அப் செய்திகளில் அது வருவதே இல்லை!

சரி, யாரை வைத்துச் செய்தார்கள்? மேல் அளவு 120-லிருந்து 139 வரை, அல்லது கீழ் அளவு 80-லிருந்து 89 வரை உள்ளவர்கள், அதாவது பிபி வரப்போகிறது என்ற எல்லையில் நிற்பவர்கள். உங்கள் கணவர் அந்த எல்லையை எப்போதோ தாண்டி மாத்திரைக்கு வந்துவிட்டவர். மாத்திரைக்குப் பதில் தாய்ச்சி போதுமா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை, அதில் போய் அவர் பதில் தேடினால் எப்படி? இன்னொன்று, அவர்கள் செய்தது வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், பக்கத்தில் ஆள் நின்று கவனிக்க, வருடம் முழுக்க. மாடியில் பத்து நிமிடம் கையை வீசிவிட்டு இறங்கி வந்தால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் அந்த வித்தியாசம். இரண்டு குழுவுக்கும் நடுவே இருப்பது வெறும் 2.4 புள்ளி. வேக நடை போன்றவை செய்தவர்களுக்கும் குறையத்தான் செய்தது, ஆக வாக்கிங்கை நிறுத்த அவருக்குக் காரணமே இல்லை.

தாய்ச்சியை விடச் சொல்லாதீர்கள், அவர் மூட்டுக்கு அது நல்லது. பாஸ்டனில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வலியைக் குறைப்பதில் பிசியோதெரபிக்குச் சமமாக நின்றது. ஆனால் தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்ளட்டும். முழங்காலை மடக்கும்போது கால்விரல் நுனியைத் தாண்டி முன்னே தள்ளுகிறாரா, உடம்பைத் திருப்பும்போது பாதத்தை அப்படியே விட்டு முட்டியை மட்டும் முறுக்குகிறாரா என்பதெல்லாம் வீடியோவுக்குத் தெரியாது. தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும்.

வீட்டில் பிபி மெஷின் இருக்கிறதா? தாய்ச்சி முடித்து வந்த வேகத்தில் அளந்துவிட்டு "பார், குறைந்துவிட்டது" என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள், உடற்பயிற்சிக்குப் பிறகு கொஞ்ச நேரத்துக்குப் பலருக்கும் குறைவாகக் காட்டும். காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்து, இரண்டு தடவை அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில வாரம் எழுதியதும் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். நன்றாகவே இறங்கியிருந்தால் மாத்திரை அளவைக் குறைக்கலாமா என்று அவரிடமே கேட்கலாம்.