கரண்ட் வைத்தால் மட்டும் போதுமா? பிசியோதெரபிக்குப் போகும் முன் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: ஆறு மாதமாக முதுகுவலி. டாக்டர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் என்ன செய்வார்கள்? எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

முதல் நாளில் பெரும்பகுதி விசாரிப்பதிலும் பரிசோதனையிலும் போய்விடும். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஒதுக்கிக்கொண்டு போங்கள். குனிந்து நிமிரச் சொல்வார்கள், பின்பக்கம் வளையச் சொல்வார்கள், மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை மடக்காமல் தூக்கிப் பார்ப்பார்கள், குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. குதிகாலில் நடக்க வரவில்லை என்றால் பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புகளில் எல்-5 நரம்பு, நுனிக்காலில் எழும்ப முடியவில்லை என்றால் எஸ்-1 நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இந்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல் நேராகக் கட்டிலில் படுக்கவைத்து மெஷினை மாட்டினால், ‘என்ன பிரச்சினை என்று கண்டுபிடித்தீர்கள்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

வலிக்கிற இடத்தோடு அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் பார்ப்பார்கள். அதற்கேற்ற உடை வேண்டும். முழங்காலுக்கு அரைக்கால் சட்டை அல்லது தொடை வரை ஏற்றக்கூடிய தளர்வான உடை. தோளுக்குக் கையில்லாத பனியன். முதுகுக்கு எளிதில் உயர்த்தக்கூடிய மேலாடை. இறுக்கமான ஜீன்ஸ் போட்டு வந்தால் பாதிப் பரிசோதனை நடக்காது. செருப்போ ஷூவோ, தினமும் போடுவதையே போட்டுப் போங்கள். அடிப்பகுதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதும் ஒரு தகவல்தான்.

டாக்டர் சீட்டு, ஸ்கேன் ஃபிலிமோடு அதன் ரிப்போர்ட், ஆபரேஷன் செய்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல் ஆகியவை கையில் இருக்கட்டும். முதுகுவலிக்கும் இதய மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு அழுத்தி மசாஜ் செய்தால் தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் எலும்பு பலவீனமாக இருக்கலாம். முதுகெலும்பை அழுத்தித் தள்ளும் சிகிச்சை அவருக்கு ஆகாது.

வலியைச் சொல்லும் விதமும் முக்கியம். ‘ரொம்ப வலிக்குது’ என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் வலி ஆரம்பிக்கிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது, காலில் எதுவரை இறங்குகிறது என்று சொல்லுங்கள். காலை விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் கவனித்து வையுங்கள். அது அரை மணிக்கு மேல் நீடித்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடினால், தேய்மானமாக இல்லாமல் அழற்சி வாதமாக இருக்கலாம். அதை வாதநோய் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. உடற்பயிற்சி செய்தால் இன்னும் வெளியே வந்துவிடாதா?

முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. வயதோடு முடி நரைப்பது போலத்தான் இதுவும். ரிப்போர்ட்டில் இருப்பதும் உங்கள் வலியும் பொருந்துகின்றனவா என்பதைக் கையால் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். பொருந்தினாலும் பெரும்பாலானோருக்குப் பயிற்சி நன்மையே செய்யும். பல வாரம் படுத்துக் கிடப்பதுதான் கெடுதல்.

ஆனால் சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பிசியோதெரபிக்குப் போகாதீர்கள். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் இவை. தாமதித்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல், எப்படிப் படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது ஆகியவை இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மாமியாருக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது, சர்க்கரையும் உண்டு. தோள்வலிக்குக் கரண்ட் வைக்கலாமா?

‘கரண்ட் வைப்பது’ என்ற பேச்சில் பல மெஷின்கள் அடங்கிவிடுகின்றன. வலியை அடக்க வைக்கும் டென்ஸ், ஐ.எஃப்.டி. என்ற இரண்டு மெஷின்களிலும் ஒட்டும் பட்டைகள் வழியாக உண்மையிலேயே மின்சாரம் போகிறது. அந்தச் சமிக்ஞையை இதயத் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தவறாக எடுத்துக்கொண்டு, துடிப்பைத் தூண்டாமல் விட்டுவிடலாம். இதய மருத்துவரைக் கேட்காமல் வைக்கவே கூடாது. ரேடியோ அலையால் உடம்புக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயாதெர்மி இன்னும் ஆபத்து. பக்கத்துக் கட்டிலில் வேறொருவருக்கு அது ஓடிக்கொண்டிருந்தாலும் மாமியார் அங்கே இருக்கக் கூடாது. ஆகவே, வரவேற்பிலேயே பேஸ்மேக்கர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். உடம்புக்குள் பிளேட், ஸ்க்ரூ உள்ளவர்களுக்கும் அந்த இடத்தில் டயாதெர்மி ஆகாது. உலோகம் சூடேறிச் சுற்றியுள்ள தசையைச் சுட்டுவிடும். கர்ப்பமாக இருந்தால், சந்தேகம் மட்டுமே என்றாலும், சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரைக்காரர்களுக்குச் சூட்டு ஒத்தடத்தில்தான் அதிகக் காயம் ஏற்படுகிறது. ஹாட் பேக் கிடக்கும் தண்ணீரின் வெப்பம் 70 முதல் 75 டிகிரி செல்சியஸ். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு மடிப்புத் துண்டு சுற்றி வைக்கிறார்கள். அதன் மேல் படுத்தால் துண்டு நசுங்கி, சூடு அதிகமாக ஏறும். பேக்கை மேலே வைப்பதுதான் சரி. 5 நிமிடம் கழித்து ஒருமுறை எடுத்துத் தோலைப் பார்க்க வேண்டும். சீரான இளஞ்சிவப்பு என்றால் சரி; சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக இருந்தால் சூடு அதிகம். ஒத்தடத்துக்கு முன்பே, வெந்நீரும் குளிர்ந்த நீரும் நிரப்பிய சிறு குழாய்களைத் தோலில் தொட்டு, வித்தியாசம் தெரிகிறதா என்று சோதிப்பார்கள். தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் ஒத்தடமே வேண்டாம். சாப்பிடாமல் போய்ப் பயிற்சி செய்தால் சர்க்கரை இறங்கிவிடும். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுப் பட்டினியாக அழைத்துப் போகாதீர்கள்.

இன்னொன்று. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம். அதுவாக இருந்தால், கையைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்து, முழங்கையை மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவதுதான் முதலில் கடினமாகும். மெஷின் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும், இறுக்கத்தை விடுவிக்காது. இரவில் தூங்கவிடாத அளவு வலி இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் கையைப் பலவந்தமாகத் தூக்கிவிடுவதும் தவறு. வலி கூடத்தான் செய்யும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. காலை மடக்கினால் அழுகிறார். சில நாள் ஓய்வு கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதல் ஆறு வாரத்துக்குள் மூட்டைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு இன்னும் இளகியிருக்கும். பிறகு அது கெட்டிப்பட்டுவிடும். மடக்கம் வராமலே போனால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டியதாகிறது. நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழவே சுமார் 90 டிகிரி மடக்கம் வேண்டும்.

வலியைச் சமாளிக்க வழி உண்டு. டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். முடிந்ததும் காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம்.

மடக்குவதில் எல்லோரும் குறியாக இருப்பார்கள். முழுவதும் நீட்டுவதை மறந்துவிடுவார்கள். இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டால் கடைசிவரை நொண்டித்தான் நடக்க வேண்டியிருக்கும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தானாகக் கீழே இறங்கட்டும். 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடையை இறுக்கி 5 விநாடி வைத்திருந்து விடுவதை 10 தடவை செய்யட்டும்.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, தொட்டால் வலித்தால் உருவிவிடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் அவசர ஊர்தி. தையலில் நீர் வடிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் அறுவை செய்த மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: போய்விட்டு வந்த அன்று வலி கூடுகிறது. தப்பாகச் செய்கிறார்களா?

எப்போதும் அப்படியில்லை. பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை வலிப்பது இயல்பு. பழைய வலிக்கு அளவு இதுதான்: பூஜ்யம் முதல் 10 வரையிலான கணக்கில் பயிற்சியின்போது நான்கைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். வரவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலி முழங்காலில் நின்றது போய்ப் பாதம் வரை இறங்கினால், அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டுத் தெரியப்படுத்துங்கள். கால்வலி மேலேறி முதுகில் மட்டும் நின்றால், முதுகில் சற்றுக் கூடினாலும் நல்ல அறிகுறிதான்.

கேள்வி: மொத்தமாக 10 நாளுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். எத்தனை நாளில் குணமாகும்?

தசை வலுப்பெற 6 முதல் 12 வாரம் பிடிக்கும். 10 நாளில் அது முடியாது. 10 நாள் கட்டிலில் படுத்து மெஷின் வைத்துக்கொண்டு வீட்டில் ஒன்றும் செய்யாவிட்டால் முடியவே முடியாது. கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த இயக்கத்தை அளக்கிறீர்கள், எத்தனையாவது முறையில் மறுபடி அளப்பீர்கள், மாற்றம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள். நான்கைந்து முறைக்குப் பிறகும் அளவில் அசைவில்லை என்றால் திட்டத்தை மாற்ற வேண்டும், அல்லது டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டும்.

வீட்டுப் பயிற்சியை அவர்கள் செய்து காட்டியதோடு விடாமல், கிளம்பும் முன் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். உங்கள் போனில் வீடியோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். பத்துப் பயிற்சி எழுதிக் கொடுத்தால், முக்கியமான மூன்று எவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்தையும் யாரும் செய்வதில்லை.

கேள்வி: ஆண் பிசியோதெரபிஸ்ட் என்றால் கூச்சமாக இருக்கிறது. துணைக்கு ஆள் உள்ளே வரலாமா?

வரலாம். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேட்கலாம். பார்க்காத பகுதியைத் துணியால் மூடச் சொல்லவும், எதற்காகத் தொடுகிறார் என்று முன்கூட்டிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்தால் நரம்பு இடத்துக்கு வந்துவிடும் என்கிறார்களே?

அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. எதுவும் இடம் மாறி உட்காருவதில்லை. தற்காலிக இதம் கிடைக்கலாம். ஆனால் அபூர்வமாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்துவிடும். எலும்பு மெலிவு, முடக்குவாதம், தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மெதுவாக அசைத்துத் தளர்த்தும் முறையும் பயிற்சியும் இருக்கின்றன. ஏற்கெனவே சொடக்கு எடுத்துக்கொண்டு, அதன்பின் இதுவரை இல்லாத தலைவலியோ கழுத்துவலியோ, நாக்குழறலோ, நடையில் தள்ளாட்டமோ வந்தால் பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.