மாவு ஊறும் நேரம்

அன்புள்ள அண்ணா,
உங்கள் தொடர்கதையை முழுசாகப் படித்தேன். விருதுநகரில் மூன்று நண்பர்கள் புரோட்டாக் கடை போடுகிற கதை பிடித்திருந்தது. ஆனால் கதிர் பிரபாவிடம் மனதில் இருப்பதைச் சொல்ல ஏன் அவ்வளவு தயங்குகிறான்? காதல் கதை என்றீர்கள். பாதிக்கு மேல் மைதாவும் சிலிண்டரும் வாடகையும்தானே இருக்கிறது?
ஒரு வாசகி, கோவில்பட்டி

அன்புள்ள தங்கைக்கு,

கதிருக்கு பயம், அவ்வளவுதான். ஒரே கல்லாப்பெட்டியில் மூன்று பேர் காசு கிடக்கிறது. அவன் கேட்டு அவள் முடியாது என்றால் மறுநாள் காலை இரண்டு பேரும் அதே கல்லுக்கு முன்னால்தானே நிற்க வேண்டும், நடுவில் மூன்றாவது ஆளான சாதிக் யார் பக்கம் பேசுவான்? இருபத்தைந்து வயதில் நானும் இரண்டு நண்பர்களோடு சாப்பாட்டுக் கடை நடத்தினேன். அன்றாட வரவு செலவை ஒழுங்காக எழுதினோம், முதலில் யார் எவ்வளவு போட்டது என்பதை மட்டும் எழுதவில்லை. கூச்சம். கடை போனது, அப்புறம் நட்பும் போனது. அதில் ஒருவனை இன்றும் தேடுகிறேன். அதனால்தான் கதிர் கணக்கு நோட்டைத் திறந்து, பிரபாவின் பங்கை அவள் கண் முன்னாலேயே எழுதிவிட்டு, ‘நீ என்ன சொன்னாலும் இது மாறாது’ என்கிறான். காதலைச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

மைதா விஷயத்துக்கு வருகிறேன். புரோட்டா மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு ஊறவிட வேண்டும், அவசரப்பட்டால் வீசும்போது கிழியும். எண்ணெயும் பருப்பும் வத்தலும் வியாபாரமாகிற ஊர் அது, அங்கே பொரித்த புரோட்டாதான் பேர்போனது, மாலையில் கூட்டம் வந்துவிட்டால் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. பத்தொன்பது கிலோ சிலிண்டர் எப்போது தீரும் என்ற கவலை வேறு. அவர்கள் இரண்டு பேருக்கும் பேசக் கிடைப்பது மாவு ஊறுகிற அந்த நேரம் மட்டும்தான்.

ஒரு இடத்தை நீங்கள் வேகமாகத் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு பிரபா அக்னிச்சட்டி எடுப்பதாக நேர்ந்து, காப்புக் கட்டி விரதம் இருக்கிறாள். கறி வாசனை படக்கூடாது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கதிர் சால்னாவைக் கறியில்லாமல் கூட்டி வைக்கிறான், வியாபாரம் குறைகிறது, சாதிக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரபா சால்னா வாளியைத் திறந்து பார்க்கிறாள், மூடுகிறாள், இலை துடைக்கப் போய்விடுகிறாள். அதை எழுதி முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்புடன்,
அண்ணன்